பதக்கமும் காசும்: வருசநாட்டுப் பள்ளத்தாக்கின் இளம் சேகரிப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

மயிலாடும்பாறையிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் பழங்காசு சேர்க்கத் தொடங்கியிருக்கும் இளம் நண்பர்களே,

மூல வைகையின் இரு கரையிலும் இலவமும் தென்னையும் வளர்ந்து நிற்கும் நம் ஊர்களில், பள்ளிப் பருவத்தைத் தாண்டியும் தாண்டாமலும் இருக்கிற நீங்கள், பாட்டிமார்களின் சுருக்குப் பைகளிலிருந்தும் ஆண்டிபட்டி, தேனிச் சந்தைகளின் பழம்பொருள் விரிப்புகளிலிருந்தும் காசுகளைத் தேடியெடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஆண்டு வாரியாக அடுக்கி வைக்கிறீர்கள் என்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மிகுந்த சந்தோஷம் உண்டாகிறது. இந்த ஆர்வம் சில மாதங்களில் வாடிப்போகாமல் வாழ்நாள் முழுவதும் உங்களுக்குத் துணையாக நிற்க வேண்டும் என்ற ஆவலாலேயே, நாணயங்களோடு நெடுங்காலம் பழகியவன் என்ற ஒரே உரிமையைக் கொண்டு, இம்மடலை உங்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

உங்களிற் பலர் அன்போடு காட்டிய பெட்டிகளில், காசுகளோடு காசுகளாக வேறு சில வட்ட வில்லைகளும் கலந்து கிடக்கின்றன. ஒருபுறம் இராமபட்டாபிஷேகமும் மறுபுறம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் உள்ள செப்பு வில்லை. விக்டோரியா ராணியின் முகம் பொறித்து, மேலே வளையம் பற்றவைத்த வெண்ணிற வில்லை. ஏதோ ஒரு நிறுவனம் தன் வெள்ளி விழாவில் ஊழியர்களுக்கு வழங்கிய வில்லை. நகைக்கடையில் வாங்கிய லக்ஷ்மி உருவ வில்லை என்று அவை பலவகை. இவையெல்லாம் பழங்காசு என்று விற்றவர் சொன்னார், நீங்களும் நம்பினீர்கள். நம்பியதில் உங்கள்மேல் குற்றம் இல்லை. வட்டமாகவும் உலோகமாகவும் உருவமும் எழுத்தும் உடையதாகவும் ஒரு பொருள் கைக்கு வரும்போது அதைக் காசு என்று எண்ணுவதே மனித சுபாவம். ஆனால் சேகரிப்பாளன் என்ற பெயருக்கு ஒருவன் உரியவனாவது, அந்த முதல் எண்ணத்தைச் சற்றே நிறுத்திவைத்து, ‘இது என்ன?’ என்று அந்தப் பொருளையே கேட்கத் தொடங்கும் நாளிலிருந்துதான்.

நம் கைக்கு வரும் வில்லைகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆட்சியதிகாரம் உடைய ஒருவர், இன்ன மதிப்புக்கு இது செல்லும் என்று உறுதிகூறி வெளியிட்ட துண்டு காசு. ஒரு மனிதரையோ, ஒரு நிகழ்ச்சியையோ, ஒரு ஸ்தாபனத்தையோ ஞாபகத்தில் நிறுத்துவதற்காக, பணமாகச் செல்ல வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் அடித்த துண்டு பதக்கம். மூன்றாவது வகை, ஒருநாளும் காசாக இருந்திராமல், ஆயினும் பழங்காசின் வேஷம் தரித்துச் சந்தைக்கு வருகிற துண்டு. பதக்கத்தைக் காசு என்று மயங்குவது தவறு. வேஷத் துண்டைச் சரித்திரச் சின்னம் என்று போற்றுவதும் தவறு. காசு அல்ல என்று தெரிந்ததும் நல்ல பதக்கத்தைப் போலி என்று தூக்கி எறிவது அவை இரண்டினும் பெரிய தவறு. நான் இம்மடலில் வற்புறுத்த விரும்புவது இந்த மூன்றாவது தவற்றைப் பற்றியே. காசு அல்லாததெல்லாம் பொய்யானது என்று கருதுகிறவன், தன் பெட்டியிலுள்ள சரித்திரத்தில் ஒரு பாதியைத் தானே குப்பையில் கொட்டிவிடுகிறான்.

இவற்றைப் பிரித்தறிவதற்கு, ‘அரசாங்கத்தார் அடித்தது காசு, தனியார் அடித்தது பதக்கம்’ என்று ஒரு சுலபமான விதியைச் சிலர் சொல்வார்கள். அது நிற்காது. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகருக்கு அருகே சோஹோ என்னும் இடத்தில், ஜேம்ஸ் வாட்டோடு கூட்டுச் சேர்ந்து நீராவி இயந்திரங்கள் செய்து புகழ்பெற்ற மாத்யூ போல்டன் என்பவர், 1788ஆம் ஆண்டில், நீராவியின் பலத்தாலேயே இயங்கும் நாணயசாலை ஒன்றை நிறுவினார். அது முழுக்க முழுக்கத் தனியார் சொத்து. ஆயினும், 1803, 1808 ஆகிய ஆண்டுகளைப் பொறித்து, நம் சென்னை மாகாணத்து மக்கள் உப்பும் எண்ணெயும் வாங்கப் பயன்படுத்திய பத்துக் காசு, இருபது காசுச் செப்பு நாணயங்கள் அங்கேதான் அடிக்கப்பட்டுக் கப்பலேறி வந்தன. அப்படி வந்த கப்பல்களுள் அட்மிரல் கார்ட்னர் என்பது, 1809 சனவரியில் இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையோரமுள்ள குட்வின் மணல்திட்டில் சிக்கி, டன் கணக்கான செப்புக் காசுகளோடு மூழ்கிப்போயிற்று. ஏறக்குறைய 175 ஆண்டுகள் கடலடியில் கிடந்த அந்தக் காசுகளை 1980களில் வெளியே எடுத்தார்கள். சென்னைக்கு வந்து சேராமலேயே போன அந்த இருபது காசும் உண்மையான சென்னைக் காசுதான். ஏனென்றால் அதை அடித்தது தனியாரின் இயந்திரமேயானாலும், வெளியிட்டது அன்றைய ஆட்சியதிகாரம். அதன்மேல் கம்பெனியின் கேடயச் சின்னம் இருக்கிறது. எத்தனை காசு என்ற மதிப்பு பாரசீகத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது.

அதே சோஹோ சாலையில், ஏறக்குறைய அதே காலத்தில், அதே இயந்திரங்களால் அடிக்கப்பட்ட இன்னொரு பொருளையும் பாருங்கள். 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டபின், அந்தப் போரில் ஈடுபட்ட படையினருக்கு வழங்குவதற்காகக் கம்பெனியார் போல்டனிடம் ஒரு பதக்கம் செய்யச் சொன்னார்கள். கான்ராட் ஹைன்ரிக் கூக்லர் என்ற ஜெர்மானியச் சிற்பி அதன் அச்சை வெட்டினார். ஒருபுறத்தில் பிரிட்டிஷ் சிங்கம் திப்புவின் புலியை மிதித்து அடக்குகிறது. மேலே பறக்கும் கொடியில் அரபு வாசகம். கீழே ரோமானிய எழுத்துக்களில் தேதி. மறுபுறத்தில் கோட்டையின் மீது நடந்த தாக்குதலும் பாரசீக வாசகமும். சுமார் 48 மில்லிமீட்டர் விட்டமுள்ள இந்தப் பதக்கத்தைத் தளபதிகளுக்குப் பொன்னிலும், அடுத்த நிலையினருக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளியிலும், அவர்களுக்குக் கீழே வெள்ளியிலும் வெண்கலத்திலும், சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயத்திலும் கொடுத்தார்கள். இத்தனை எழுத்தும் தேதியும் உள்ள அதில் எங்கு தேடினாலும் காணமுடியாத ஒன்று, மதிப்பு. இத்தனை ரூபாய், இத்தனை வராகன், இத்தனை காசு என்ற சொல்லே இல்லை. ஆகவே அது பதக்கம். இதே பதக்கத்தின் சற்றுச் சிறிய வகை ஒன்று கல்கத்தா நாணயசாலையிலும் அடிக்கப்பட்டது; அரசாங்கச் சாலையில் அடித்ததால் அது காசாகிவிடவில்லை.

இக்காலத்திலும் நிலைமை இதுவே. மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய நான்கு இடங்களிலுள்ள நம் அரசு நாணயசாலைகள், ஒரு கையால் ரூபாய் நாணயங்களையும் மறு கையால் பதக்கங்களையும் அடித்துத் தருகின்றன. ஆகையால் எந்த இடத்தில் அடித்தார்கள் என்பது நம் முதற்கேள்வி ஆகாது. யாருடைய அதிகாரத்தின் பெயரால் வெளிவந்தது, என்ன மதிப்புக்கு வெளிவந்தது, அந்த ஆண்டில் அந்த மதிப்பு அந்த அதிகாரத்தின் கணக்கில் உண்மையாகவே இருந்ததா என்ற மூன்று கேள்விகளையும் வரிசையாகக் கேளுங்கள். பெரும்பாலான வில்லைகள் இந்த மூன்றுக்குள் தம் குலம் இன்னதென்று சொல்லிவிடும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் அவசியம். மதிப்பு எழுதப்படவில்லை என்பதனால் ஒன்று காசு அல்ல என்று தீர்மானிப்பது, கம்பெனி காலத்துக்கும் அதற்குப் பிற்பட்ட காலத்துக்கும் உரிய வில்லைகளுக்கே பெரும்பாலும் பொருந்தும். நம் மாவட்டத்துப் போடிநாயக்கனூரில் புதையலாகக் கிடைத்து, டி.டி. கோசாம்பி போன்ற அறிஞர்கள் ஆராய்ந்த வெள்ளி முத்திரைக் காசுகளில் எந்த எழுத்தும் இல்லை. சிறு சிறு அடையாளங்களே குத்தப்பட்டிருக்கின்றன. பாண்டியர், சோழர் காசுகளிலும் இன்ன மதிப்பு என்று எழுதும் வழக்கம் கிடையாது. அந்தப் பழமையான உலகத்துக்கு வேறு ஆராய்ச்சி முறைகள் உள்ளன. தொடக்க நிலையில் இருக்கும் நீங்கள், கம்பெனி காலம் முதல் இன்றுவரையுள்ள காசுகளில் கை பழகிய பிறகு அங்கே செல்வது நலம்.

அடுத்து, பதக்கத்தைப் போலத் தோற்றமளிக்கும் காசுகளைப் பற்றிச் சொல்கிறேன். சுதந்திர இந்தியா 1964ஆம் ஆண்டில், மறைந்த நேருவின் முகம் பொறித்த ஒரு ரூபாயையும் ஐம்பது பைசாவையும் வெளியிட்டு, ஞாபகார்த்த நாணயம் என்ற வழக்கத்தை இங்கே தொடங்கிவைத்தது. அதன்பின் வந்தவை அநேகம். தஞ்சையில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு கூடியபோது, 1995ஆம் ஆண்டில், திருவள்ளுவர் உருவத்தோடு ரூபாய் நாணயங்கள் வந்தன. அறிஞர் அண்ணாவின் நூற்றாண்டை ஒட்டி, 2009இல், அவருடைய தமிழ்க் கையொப்பத்தைத் தாங்கிய ஐந்து ரூபாய் வந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டு நிறைவுக்காக ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள பெரிய வெள்ளிக் கலப்பு நாணயம் ஒன்று வெளியாயிற்று. கலைஞர் நூற்றாண்டுக்கு 2024இல் நூறு ரூபாய் நாணயம் வெளியாயிற்று. இவற்றுள் ஆயிரமும் நூறும் கடைவீதியில் ஒருபோதும் புழங்குவதில்லை; சேகரிப்பாளருக்கென்றே அழகான உறையில் விற்கப்படுகின்றன. புழங்கவில்லை என்பதனால் இவற்றைப் பதக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. அசோகர் தூணின் சிங்கத் தலையும், ‘சத்யமேவ ஜயதே’ என்ற வாசகமும், பாரதம் என்ற பெயரும், ரூபாய் மதிப்பும் இவற்றில் பொருந்தியிருக்கின்றன. இவற்றின் விட்டம், எடை, உலோகக் கலப்பு ஆகிய லட்சணங்கள் அரசிதழில் அறிவிக்கப்படுகின்றன. 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நாணயத்தை வெளியிட இடம் தரவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்கு மேற்பட்ட ரூபாய் மதிப்பைப் பொறித்து, இந்திய நாணயம் என்று ஒரு வில்லை வருமானால், அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் நாணயம் ஆகாது. அதே சட்டம், பணமாகப் பயன்படுத்தும் நோக்கத்தோடு தனியார் உலோகத் துண்டுகள் செய்வதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது; 1889ஆம் ஆண்டின் உலோக வில்லைச் சட்டம் முதற்கொண்டே இந்தத் தடை இருந்து வருகிறது. அதனால்தான் நேர்மையான தனியார் பதக்கம் எதுவும் ரூபாய் மதிப்பைத் தன்மேல் பொறித்துக்கொள்ளாது.

இனி, நம் பக்கத்துச் சந்தைகளில் உங்களை மிகவும் மயக்குகிற அந்தச் செப்பு வில்லைக்கு வருகிறேன். ஒருபுறம் இராமர் பட்டாபிஷேகம், அல்லது சஞ்சீவி மலையைத் தூக்கிய அனுமார், அல்லது லக்ஷ்மி. மறுபுறம் ‘கிழக்கிந்தியக் கம்பெனி’ என்ற ஆங்கில வாசகம், ‘அரை அணா’ அல்லது ‘ஓர் அணா’ என்ற மதிப்பு, 1616, 1717, 1818 என்பது போன்ற ஓர் ஆண்டு. இதை இருநூறு, நானூறு ஆண்டுப் பழங்காசு என்று சொல்லி விற்கிறார்கள். மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் இதனிடம் கேளுங்கள். 1616ஆம் ஆண்டில் கம்பெனியார் சூரத்திலும் மசூலிப்பட்டணத்திலும் பண்டகசாலை வைத்து வியாபாரம் செய்த வணிகர்களே. சென்னைப்பட்டணத்து நிலமே 1639இல்தான் அவர்கள் கைக்கு வந்தது. நம் தென்னாட்டில் அவர்கள் பின்னர் வெளியிட்ட நாணயங்களும் பெரும்பாலும் வராகன், பணம், காசு என்ற கணக்கில் இருந்தன. எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன் என்பது அந்த வாய்ப்பாடு. 1818ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் சென்னை மாகாணம் வராகனைக் கைவிட்டு ரூபாயைப் பிரமாண நாணயமாக ஏற்றது. கம்பெனியின் ஆட்சிப் பரப்பு முழுவதற்கும் ஒரே அச்சான நாணயம் என்ற ஏற்பாடு 1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அந்த ஆண்டைப் பொறித்த கால் அணா, அரை அணாச் செப்புக் காசுகளில் தெய்வ உருவம் கிடையாது, கம்பெனியின் கேடயமும் இலைமாலைக்குள் மதிப்புமே உண்டு. ஓரணா என்ற தனிக் காசு மக்கள் கையில் பரவியதோ இன்னும் பிற்பட்ட காலம். ஏழாம் எட்வர்டு மன்னரின் நாளில், 1906ஆம் ஆண்டுச் சட்டத்தை அடுத்து, நெளிந்த விளிம்புள்ள செம்பு-நிக்கல் கலப்புக் காசாக அது வந்தது. ஆக, பேரும் மதிப்பும் ஆண்டும் ஒன்றோடொன்று ஒட்டாத இந்த வில்லையை எந்தக் கம்பெனியும் வெளியிடவில்லை. அது பிற்காலத்தில் பட்டறைகளில் செய்தது.

இந்த நிர்ணயத்தைச் செய்யும்போது, ‘வெள்ளைக்காரன் சாமி படம் போட்டுக் காசு அடிப்பானா?’ என்ற வாதத்தை மட்டும் துணைக்குக் கொள்ளாதீர்கள். அடித்தான் என்பதே சரித்திரம். கம்பெனியார் சென்னையில் அடித்த பொன் வராகன்களில் திருமால் உருவம் இருந்தது. தேவியர் இருவரோடு நிற்கும் கோலத்தை உடையது மூன்று சுவாமி வராகன் என்றும், பின்புறம் நட்சத்திரம் உடையது நட்சத்திர வராகன் என்றும் பிரசித்தி பெற்றன. 1808ஐ ஒட்டி வந்த அரை வராகன், கால் வராகன் வெள்ளி நாணயங்களில் ஒருபுறம் கோயிற் கோபுரமும் மறுபுறம் திருமாலும், ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளில் மதிப்பும் காணப்படுகின்றன. மக்கள் பழகிய உருவம் இருந்தால்தான் மக்கள் காசை ஏற்பார்கள் என்பதை அந்த வியாபாரிகள் நன்கு அறிந்திருந்தார்கள். ஆகவே தெய்வ உருவம் பொய்க்குச் சாட்சி ஆகாது. பொருந்தாத மதிப்பும் பொருந்தாத ஆண்டுமே சாட்சி. சரியான முடிவுக்குத் தவறான காரணத்தைச் சொல்லிப் பழகியவன், அடுத்த முறை உண்மையான வராகன் ஒன்று கைக்கு வரும்போது அதையும் தள்ளிவிடுவான்.

இராமபட்டாபிஷேக உருவமுள்ள வில்லைகள் எல்லாவற்றையும் வேஷத் துண்டு என்று சொல்லிவிடவும் முடியாது. இராமடங்கா என்று வழங்கும் பழைய வில்லைகளைப் பக்தர்கள் பொன்னிலும் வெள்ளியிலும் பித்தளையிலும் செய்வித்துப் பூஜையில் வைத்தார்கள். யாத்திரையின் ஞாபகமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவை யாரையும் ஏமாற்றப் பிறந்தவை அல்ல. இர்வின் பிராட்மன் என்ற அமெரிக்கர், 1970இல், இத்தகைய இந்தியக் கோயில் வில்லைகளைப் பற்றித் தனியே ஒரு வழிகாட்டி நூல் வெளியிடும் அளவுக்கு அவை பல்கிக் கிடக்கின்றன. கம்பெனியின் பெயரும் பொய்யான ஆண்டும் சேர்ந்த வில்லைகளிலும்கூட, பல, முதலில் பூஜைப் பொருளாகவே வீட்டுக்குள் வந்தவை. உங்கள் பாட்டி மஞ்சள் துணியில் முடிந்து சுவாமி மாடத்தில் வைத்திருந்த வில்லை அவ்வகையானால், அது அவருடைய பக்தியின் சின்னம் என்று எழுதி வையுங்கள். கம்பெனிக் காசு என்று மட்டும் எழுதாதீர்கள். நகைப் பட்டறைகளில் காசுமாலைக்கு அடிக்கும் பொற்காசும், கடைகளில் 999 என்ற தர எண்ணோடும் கிராம் எடையோடும் விற்கும் வெள்ளி வில்லையும் இத்தன்மையனவே. எடையும் தரமும் எழுதிய வில்லை உலோகமாக விலைபோகும். மதிப்பு எழுதிய வில்லைதான் பணமாகச் செல்லும்.

வேஷத் துண்டுகள் வெறும் அறியாமைக்கு மட்டும் காரணமானால் நான் இவ்வளவு வருந்தமாட்டேன். இதே செப்பு வில்லைகளைக் காட்டி, ‘இது அரிசியை இழுக்கும், இதில் இரிடியம் இருக்கிறது, வெளிநாட்டார் கோடிக்கணக்கில் விலை தருவார்கள்’ என்று சொல்லி, உழைத்துச் சேர்த்த பணத்தைப் பறிக்கும் கூட்டத்தார் நம் மாநிலமெங்கும் பல குடும்பங்களைக் கண்ணீர் விடச் செய்திருக்கிறார்கள். செம்பு அரிசியை இழுக்காது. எந்த உலோகமும் அரிசியை இழுக்காது. அரிசி அசைகிறது என்றால், அரிசியில் இரும்புத் தூளும் வில்லையில் காந்தமும் மறைந்திருக்கின்றன. ‘உங்கள் பழைய காசை லட்ச ரூபாய்க்கு வாங்கிக்கொள்கிறோம், முன்னதாகக் கட்டணமும் வரியும் கட்டுங்கள்’ என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கேட்பவர்களைக் குறித்து, அவ்வங்கியே 2021 ஆகஸ்ட் மாதத்தில், தனக்கு இத்தகைய வியாபாரத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லை, கமிஷன் எதுவும் கேட்பதில்லை என்று பகிரங்கமாக அறிவித்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நாணயம் படித்த ஒரு பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த மோசடி நுழையாது என்ற நிலை வருமானால், அந்தப் படிப்பு பூரணமாகப் பயன்பட்டது என்பேன்.

வில்லையைப் பரிசோதிக்கும் முறைகளையும் சுருக்கமாகக் கூறுகிறேன். முதலில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் எழுத்தின் ஓரங்களைப் பாருங்கள். எஃகு அச்சால் பலமாக அடித்த வில்லையில் எழுத்துக்கள் கூர்மையாக எழுந்து நிற்கும், களிமண்ணிலோ மணலிலோ வார்த்ததில் ஓரங்கள் மழுங்கி, பரப்பில் சிறு குழிகள் தெரியும். அடுத்து விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். வார்ப்பு வில்லையில் இரண்டு பாதிகள் சேர்ந்த கோடு இருக்கும், அல்லது அதை அராவிய தடம் இருக்கும். வளையம் பற்றவைத்த தடம் இருந்தால், பதக்கமாகவே பிறந்ததா, காசாகப் பிறந்து தாலிக்கயிற்றிலோ மாலையிலோ கோக்கப்பட்டதா என்று யோசியுங்கள். பிறகு எடை. விக்டோரியா முதல் ஆறாம் ஜார்ஜின் தொடக்க ஆண்டுகள் வரையிலான வெள்ளி ரூபாய் 11.66 கிராம் எடையும், நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளியும் உடையது. 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947ஆம் ஆண்டு ரூபாய் நிக்கலால் ஆனது. தேய்மானத்தால் எடை சற்றுக் குறையலாமே தவிர, கூடாது. உங்கள் பள்ளிக்கூட ஆய்வகத்திலுள்ள தராசில் வில்லையைக் காற்றில் ஒருமுறை நிறுத்து, நூலில் கட்டி நீரில் முழுக்கி மறுமுறை நிறுத்து, முதல் எடையை இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தால் வகுத்தால் அதன் ஒப்படர்த்தி கிடைக்கும். தூய வெள்ளி ஏறக்குறைய 10.5, பழைய வெள்ளி ரூபாய் 10.3, செம்பு 8.9, பித்தளை 8.5, வெள்ளீயம் 7.3. ஆர்க்கிமிடீஸ் கண்ட தத்துவத்தை நம் ஊர்ப் பள்ளியில் இதைவிட இன்பமாகக் கற்க முடியாது. புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வழக்கத்தை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். வில்லையின்மேல் படர்ந்த நிறமே அதன் வயதுக்கு ஒரு சாட்சி, தேய்த்தால் அது போனது போனதுதான்.

இவ்வளவு பரிசோதனைக்குப் பிறகு, ‘இது தனியார் அடித்த பதக்கம்’ என்று தெரியவந்தால், உங்கள் முகம் வாட வேண்டியதில்லை. ஐரோப்பாவில் பிசானெல்லோ என்ற ஓவியர், 1438ஐ ஒட்டி, கான்ஸ்டான்டிநோபிள் பேரரசர் எட்டாம் ஜானின் முகத்தை வெண்கலத்தில் வார்த்த நாள் முதலாக, பதக்கம் தனியொரு கலையாகவே வளர்ந்து வந்திருக்கிறது. அரசாங்கம் யாரை நினைக்கிறது என்பதைக் காசு சொல்லும். மக்கள் யாரை நினைத்தார்கள் என்பதைப் பதக்கம் சொல்லும். 1895 அக்டோபரில் திறக்கப்பட்ட பெரியாற்று அணையால் வயிறு நிறைந்த கம்பம் பள்ளத்தாக்கு, அதைக் கட்டிய பென்னிகுயிக்கின் பெயரைப் பிள்ளைகளுக்கு இட்டும், வீடுகளில் படம் மாட்டியும், பொங்கல் வைத்தும் போற்றுகிறது. அரசாங்கமும் லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் எழுப்பியிருக்கிறது. நாளை நம் விவசாயிகள் ஒன்றுகூடி அவர் உருவத்தைப் பொறித்து ஒரு பதக்கம் அடித்தால், நூறு ஆண்டுக்குப் பின் அதைக் காணும் ஒருவனுக்கு, அரசாங்கக் காசு எதுவும் சொல்லாத ஒரு செய்தியை அது சொல்லும். உங்கள் பெட்டியிலுள்ள பெயர் தெரியாத வெள்ளி விழாப் பதக்கமும் அப்படிப்பட்ட செய்தி ஒன்றைத் தாங்கியே வந்திருக்கிறது. எந்த ஸ்தாபனம், எந்த ஆண்டு, யார் பெற்றார், எதற்காகப் பெற்றார் என்ற விவரங்களை அறிந்தவர்கள் இன்னும் நம் ஊர்களில் உயிரோடு இருக்கிறார்கள். ரூபாய்க்கு அட்டவணை நூல்கள் எத்தனையோ உள. இந்தப் பதக்கங்களுக்குப் பெரும்பாலும் அட்டவணையே கிடையாது. நீங்கள் கேட்டு எழுதிவைப்பதே அவற்றின் முதல் சரித்திரமாகும்.

நிலத்தில் கிடைக்கும் காசுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் வெளிப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். நம் வைகைக் கரை அத்தனை பழமையானது. உழும்போதோ கிணறு வெட்டும்போதோ காசுக் குவியல் கிடைத்தால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்டதை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிப்பது கடமை. பங்குபோட்டுப் பிரித்த குவியல், படிக்கும் முன்னரே கிழித்துப் பங்கிட்ட ஏடு; அதிலிருந்து எந்த அறிஞராலும் முழுச் செய்தியை எடுக்க முடியாது.

முடிவாக, உங்களிடம் நான் வேண்டுவது இவை. நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பதிவேடு தொடங்குங்கள். ஒவ்வொரு வில்லைக்கும் ஓர் எண் கொடுத்து, விட்டம், எடை, உலோகம், இருபுறத்து உருவம், எழுத்து, விளிம்பு, கிடைத்த இடம், கொடுத்தவர் சொன்ன வரலாறு ஆகிய அனைத்தையும் எழுதுங்கள். விற்றவர் சொன்னதை ஒரு பத்தியிலும், நீங்கள் கண்டறிந்ததை மற்றொரு பத்தியிலும் பிரித்து எழுதுங்கள். காசு, பதக்கம், பூஜை வில்லை, வேஷத் துண்டு என்று நான்கு பெட்டிகள் வையுங்கள். வேஷத் துண்டுகளையும் எறியாமல், பின்வருவோருக்குப் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். தீர்மானிக்க முடியாததை மதுரைக்கோ சென்னைக்கோ செல்லும்போது அங்குள்ள அரசு அருங்காட்சியகங்களில் வைத்திருக்கும் காசுகளோடு ஒப்பிட்டு, அறிந்தவர்களைக் கேளுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1890இல், கம்பெனிக் காசுகளின் சரித்திரத்தை எழுதியது, அங்கே சேர்ந்திருந்த காசுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தே. அந்தப் பொறுமை எவருக்கும் எட்டாதது அன்று. அடுத்த விடுமுறைக்குள் முதல் நூறு வில்லைகளைப் பதிந்து முடியுங்கள். அந்த ஏட்டை உடனிருந்து பார்க்கவும், தெரிந்ததைச் சொல்லவும் நான் எப்போதும் சித்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
வருசநாட்டுப் பள்ளத்தாக்கின் நாணய அன்பன் ஒருவன்